கிழக்குச் சித்தூர்க் கருமண் மேய்ச்சல் நிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே சந்தேகம் வெவ்வேறு வாயிலிருந்து வரும். நானும் அதே பதிலைச் சொல்வேன். ஒரு கட்டத்தில் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இது அந்த நோட்டின் சுத்தப்பிரதி. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கேரளா மண்ணெல்லாம் புளிப்பு மண்ணுங்கறாங்க. நம்முளுது மட்டும் எப்படிங்க கார மண்ணாச்சு?

மழைதான் காரணம். கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர். அத்தனை மழை நூற்றாண்டுகளாக மண்ணில் இறங்கினால் சுண்ணாம்பும் மற்ற காரச் சத்துகளும் கரைந்து கடலுக்குப் போய்விடும். மிஞ்சுவது செம்பாறாங்கல்லும் புளிப்பும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. அந்த மழையில் பாதிகூட இங்கே பெய்வதில்லை.

அப்புறம், அடியில் இருக்கும் பாறை. இந்தப் பக்கத்துப் பாறைகளில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வாளையாறில் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான். பாறை உதிர்ந்து மண்ணாகும்போது வெளிவரும் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போக இங்கே போதுமான மழை இல்லை. அது ஓரடி ஈரடி ஆழத்தில் தங்கி, சுக்கான்கல் உருண்டைகளாக உட்கார்ந்துவிடுகிறது. கிணறு வெட்டியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். குணத்தில் நம் மண் பொள்ளாச்சிப் பக்கத்துக் கரிசலுக்குச் சொந்தக்காரன். எல்லைக்கோடு மனிதர்களுக்குத்தான், மண்ணுக்கு இல்லை.

காரம் காரம்னு சொல்றீங்க, எத்தனை இருந்தா காரமுங்க?

பி.எச். என்ற அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு என்று கணக்கு. 7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு படிதான் என்று நினைத்துவிடக் கூடாது.

நம் கருமண் பெரும்பாலும் ஏழரையிலிருந்து எட்டரைக்குள் இருக்கும். அந்த எட்டரையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு எவ்வளவு இருந்தாலும் அது மட்டுமே மண்ணின் காரத்தை 8.4 வாக்கில் நிறுத்திவிடும். அதற்கு மேல் ஏற்றாது. எட்டரையைத் தாண்டி ஒன்பதைத் தொட்டால், உள்ளே சோடியம் வேலை செய்கிறது என்று பொருள்.

மழை பேஞ்சு நாலு நாளாகியும் தண்ணி நிக்குது. அடியில பாறை இருக்குதுங்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் களிக்கு நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும் குணம். பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும். முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே கடகடவென்று இறங்கும். பார்க்கிறவர்கள், 'அட, எவ்வளவு நன்றாகக் குடிக்கிறது' என்பார்கள். இரண்டு நாளில் களி ஊதி வெடிப்பை அடைத்துவிடும். அதன் பிறகு தண்ணீர் கீழே இறங்குவது நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் ஏரிக்குப் பின்னாலோ ஓடை ஓரத்திலோ தாழ்வில் இருப்பதால் மேட்டுத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும்.

சோதித்துப் பார்க்க, இரண்டடிக் குழி ஒன்று வெட்டுங்கள். தண்ணீர் நிரப்பி ஒருமுறை வடிய விட்டு மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் பாதிக்கு மேல் நின்றால் வடிகால் மோசம். குழிச் சுவரின் நிறத்தையும் பாருங்கள். சாம்பல் பூத்த மண்ணில் வேர் போன வழியெல்லாம் துருக்கோடாக இருந்தால், வருடத்தில் பல வாரம் அந்த ஆழத்தில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அழுகிய முட்டை நாற்றமும் அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

தரையில வெள்ளையா பூத்திருக்குது. இது உப்புங்களா, சுண்ணாம்புங்களா, சவுடுங்களா?

மிக முக்கியமான கேள்வி இதுதான். மூன்றும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. ஆனால் ஊரில் மூன்றையும் 'உப்புப் பூத்துருச்சு' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

சுண்ணாம்பைக் கண்டுபிடிப்பது சுலபம். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ மண்கட்டி மேல் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நம் கருமண் எல்லாமே கொஞ்சமாவது நுரைக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. வெயில் நாளில் பூத்து, மழை பெய்ததும் மறைந்து, மறுபடி காய்ந்ததும் பூப்பது பெரும்பாலும் உவர், அதாவது கரையும் உப்பு. மூன்றாவதுதான் களர், நீங்கள் சவுடு என்பது. அங்கே சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும், தெளியாது. வற்றியதும் மேலே ஓடு மாதிரி காய்ந்து ஏடு ஏடாகப் பெயரும். சில இடத்தில் கறுப்பு எண்ணெய் தடவியது போலவும் தெரியும். மண்ணின் மக்கைக் காரம் கரைத்து மேலே கொண்டுவருவதால் வரும் கறுப்பு அது.

களருக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் எடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி பொடிந்து விழுந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி மேகம் பரவினால் சோடியம். போர் தண்ணீரில் செய்யாதீர்கள், அதில் இருக்கும் உப்பே கலங்கலை அடக்கிவிடும். ஒருத்தர் போர் தண்ணீரில் சோதித்துவிட்டு 'என் மண் தங்கம்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மண் பரிசோதனை அட்டையில ஏகப்பட்ட நம்பர் இருக்குதுங்க. எதைப் பாக்கறது?

முதலில் பி.எச்., அடுத்து மின் கடத்துதிறன். கரைந்திருக்கும் உப்பின் அளவை இது காட்டும். பி.எச். எட்டரைக்குக் கீழே, கடத்துதிறன் 4 டெசிசைமன்ஸுக்கு மேல் என்றால் உவர். பி.எச். எட்டரைக்கு மேல், கடத்துதிறன் 4-க்குக் கீழ், பரிமாற்றச் சோடியம் (களியோடு ஒட்டியிருக்கும் சோடியம்) 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர். கடத்துதிறனும் சோடியமும் சேர்ந்தே அதிகமாக இருந்தால் இரண்டும் கலந்த நிலம். கலப்பு நிலத்தை நல்ல தண்ணீரால் மட்டும் கழுவினால் உப்பு போய் சோடியம் நிற்கும், மண் முன்னைவிட இறுகிப்போகும்.

ஒரு சங்கடம் உண்டு. இந்த 4 என்பது மண்ணைக் குழம்பாக்கிப் பிழிந்தெடுத்த சாற்றில் அளப்பது. சாதாரணப் பரிசோதனையில் தண்ணீரைக் கூட்டிக் கரைத்து அளப்பதால் எண் குறைவாக வரும். சோடியம் சதவீதமும் சாதாரண அட்டையில் இருக்காது. பி.எச். எட்டரையைத் தாண்டினாலோ டம்ளர் சோதனையில் பால் பரவினாலோ அதைத் தனியாகக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கும்மாயம் போட்டா மண் சரியாகும்னு சொல்றாங்களே, நாமளும் போடலாமுங்களா?

வேண்டாம். கும்மாயம் என்பது நீற்றிய சுண்ணாம்பு. கேரளத்தில் பெரும்பாலான இடங்களுக்கு அது சரியான யோசனை. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ, இரண்டு தவணையாக என்பது பொதுவான பரிந்துரை. அது புளிப்பு மண்ணுக்கு. மாநிலம் முழுக்க ஒரே மாதிரி அச்சடித்து வரும் நோட்டீஸ், கிழக்கு ஓரத்தில் நாலைந்து பஞ்சாயத்து மட்டும் வேறு மண் என்று பார்த்துக்கொண்டிருக்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

நானே மாட்டியிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் சொன்னார்கள், மானிய விலையில் கிடைத்தது, தாழ்வுப் புல்காட்டில் நாலு மூட்டை இறைத்தேன். ஏற்கனவே சுண்ணாம்பில் ஊறிக்கிடக்கும் மண். அடுத்த மழையில் புல் எழுந்தது, ஆனால் குருத்து வெளுத்துப் போய். இரும்புச் சத்து இன்னும் இறுகிவிட்டது. செலவழித்த பணம் பெரிதில்லை, எங்கள் அப்பா சிரித்த சிரிப்புதான் மறக்கவில்லை: 'சுண்ணாம்புக் காளவாய்க்கே சுண்ணாம்பு வித்துட்டானா?'

ஜிப்சமும் கால்சியம்தானுங்களே. அது மட்டும் எப்படி ஆகும்?

கும்மாயம் புளிப்பை அழிக்கும், காரத்தை ஏற்றும். கார மண்ணில் அது கரைவது மிகக் குறைவு. ஜிப்சம் கால்சியம் சல்பேட். அது காரத்திலும் ஓரளவு கரையும், காரத்தை ஏற்றாது. கரைந்த கால்சியம் களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். விடுபட்ட சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரோடு போக வேண்டும். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறோமே, அதே ஜிப்சம்தான்.

'தண்ணீரோடு போக வேண்டும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் போட்டால், சோடியத்தை ஒரு திண்ணையிலிருந்து எழுப்பி அடுத்த திண்ணையில் உட்காரவைத்த கதை. முதலில் சரிவு பார்த்து வடிகால் வாய்க்கால் எடுக்க வேண்டும். அப்புறம் மழைக்கு முன் ஜிப்சம், மேல் மண்ணோடு கலக்கும்படி ஓர் உழவு. அளவு நிலத்துக்கு நிலம் மாறும். சோடியம் கணக்கு இல்லாமல் மூட்டை கணக்குச் சொல்கிறவரை நம்பாதீர்கள். டம்ளர் சோதனையில் தெளிவாக இருந்த நிலத்துக்கு ஜிப்சமே தேவையில்லை, அது வெறும் சுண்ணாம்பு மண்.

கந்தகம் பற்றியும் கேட்கிறார்கள். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும், மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். தண்ணீர் நிற்கும் மண்ணில் அது சும்மா கிடக்கும்.

காசு செலவில்லாம வேற வழி இல்லீங்களா?

உண்டு, ஆனால் மெதுவான வழி. நம் மண்ணில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, சுண்ணாம்பாகப் பூட்டிக் கிடக்கிறது. வேர் மூச்சுவிடும்போதும், சாணமும் தழையும் மக்கும்போதும் கரியமில வாயு வரும். அது தண்ணீரில் கலந்து மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அப்படி வெளிவரும் கால்சியம் ஜிப்சம் செய்யும் வேலையையே செய்யும்.

இதற்குத் தக்கைப்பூண்டு அருமையான பயிர். காரமும் தாங்கும், தண்ணீரில் நின்றாலும் சாகாது. பூக்கும் தறுவாயில், நாற்பத்தைந்து நாள் வாக்கில் மடக்கி உழ வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும், மக்காது. அந்த நாற்பத்தைந்து நாளைக்கு மாட்டை எங்கே கட்டுவது என்பதுதான் உண்மையான செலவு. அதனால் நிலத்தை மூன்று துண்டாக்கி ஆண்டுக்கு ஒரு துண்டாகச் செய்யச் சொல்கிறேன்.

போர் தண்ணி நாங்க குடிக்கறோம், ருசியாத்தான் இருக்குது. அதுல என்னங்க குறை?

உப்புக் கரிக்காத தண்ணீரிலும் சோடியம் பைகார்பனேட் இருக்கலாம். அது வாய்க்குத் தெரியாது, மண்ணுக்குத் தெரியும். பாயப் பாய மண்ணில் இருக்கும் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிட்டு, அந்த இடத்தில் சோடியத்தை ஏற்றும். பத்து வருடம் ஏரித் தண்ணீரில் நன்றாக இருந்த காடு போர் போட்டபின் கட்டாந்தரையான கதை இதனால்தான்.

தண்ணீர்ப் பரிசோதனையில் 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்று ஒரு வரி இருக்கும். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலெண்டுக்குள் என்றால் கவலையில்லை. இரண்டரைக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை மட்டுமே நம்பிப் பாய்ச்சக் கூடாது. ஆழியாற்றிலிருந்து கால்வாய்த் தண்ணீர் வரும் நாட்களில் அதைப் பாய்ச்சி, போரைக் குறைத்துக்கொள்வது நல்லது.

சரி, எந்தப் புல்லுதானுங்க வரும்?

முதலில் எது வராது என்று சொல்கிறேன், பணம் போவது அங்கேதான். கோ 4, கோ 5 நேப்பியர் கரணைகளைத் தாழ்வில் நடாதீர்கள். காரத்தை ஓரளவு தாங்கும், ஆனால் தேங்கும் தண்ணீரில் தூர் அழுகும். கொழுக்கட்டைப்புல் கொறங்காட்டு, அதாவது வறண்ட மேய்ச்சல் காட்டு ராஜா. வறட்சிக்குப் பிறந்தது, ஈரத்துக்கு அல்ல. முயல்மசால் புளிப்பு மண்ணுக்கு ஏற்றது, இங்கே ஏமாற்றும். குதிரைமசாலுக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், தண்ணீர் நின்றால் பிடிக்காது. அதை மேட்டுப்பாத்தியில் வையுங்கள், நேப்பியரையும் அங்கேயே.

தாழ்வுக்கு எருமைப்புல். பாரா புல் என்றும் கேட்பார்கள். தண்ணீரில் கால் வைத்தபடியே வளரும். சுமாரான களர் என்றால் ரோட்ஸ் புல் முயன்று பார்க்கலாம். ஒன்றுமே வராத கடும் களருக்குக் கர்னால் புல் என்று ஒன்று இருக்கிறது, பி.எச். பத்தைத் தொட்ட வட இந்திய நிலங்களிலேயே வளர்ந்தது. அதன் வேர் செய்வது, காசு செலவில்லாத வழியில் சொன்ன அதே பூட்டுத் திறக்கும் வேலை.

இருக்கும் புல்லையும் கவனியுங்கள். கோரை மண்டினால் அது ஈரத்தின் சாட்சி. அருகு மட்டும் திட்டுத்திட்டாக நின்று நடுவே மொட்டையாகக் கிடந்தால் அந்த மொட்டையில் டம்ளர் சோதனை செய்யுங்கள். அருகை அழித்துவிட்டு 'நல்ல புல்' போட நினைக்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அருகு போன இடத்தில் பல சமயம் எதுவும் வருவதில்லை.

யூரியா போட்டும் புல் மஞ்சளாவே இருக்குது?

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறை. குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. கார மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதுவும் சில நாளில் இறுகிவிடும். அரை சதவீதக் கரைசலாக இலையில் தெளிப்பதே பயன்.

யூரியாவையும் ஈரத்தரையின் மேல் தூவி வெயிலில் விடாதீர்கள். கார மண்ணில் பாதி நேரம் அது அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. அம்மோனியம் சல்பேட் கிடைத்தால் மேல். மணிச்சத்துக்கு டி.ஏ.பி.யைவிட சூப்பர் பாஸ்பேட். அதில் ஜிப்சமும் சேர்ந்தே இருக்கிறது.

அடுப்புச் சாம்பல்?

போடாதீர்கள், அதுவும் காரம்தான். தென்னைக்கும் மேட்டு நிலத்துக்கும் கொஞ்சமாகப் போகட்டும்.

ஈரமா இருக்கறப்ப மாடு மேயவிட்டா என்னங்க ஆயிரும்?

குளம்புத் தடத்தில் தண்ணீர் ஊறினால் மாட்டை இறக்காதீர்கள். நனைந்த களியை மிதித்தால் அது செங்கல் சூளைக்குப் பிசைந்த மண் மாதிரி ஆகிவிடும். அந்தத் தடம் அடுத்த வெடிப்புக் காலம் வரை அப்படியே நிற்கும், அதில் புல் முளைக்காது. பதினைந்து நாள் அறுத்துப் போட்டுச் சமாளியுங்கள்.

தாழ்வுக்காட்டுப் புல் தின்னா மாட்டு முடி செம்பட்டை ஆகுது, கழியுது. புல்லுல விஷமுங்களா?

விஷம் இல்லை, ஆனால் புல்லுக்குச் சம்பந்தம் இருக்கலாம். ஈரமும் காரமும் சேர்ந்த மண்ணில் மாலிப்டினம் என்ற சத்து புல்லில் அதிகமாக ஏறும். அது மாட்டின் உடம்பில் தாமிரத்தை வேலை செய்யவிடாது. முடி நிறம் மங்குவது, முக்கியமாகக் கண்ணைச் சுற்றி, விடாத கழிச்சல், சினை பிடிக்காமை எல்லாம் தாமிரக் குறையின் அடையாளங்கள். குடற்புழுவிலும் இப்படி ஆகும், அதனால் சாணத்தையும் காட்டிவிட்டு மருத்துவர் சொன்ன தாதுக்கலவையை மட்டும் கொடுங்கள். ஆடு இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்: மாட்டுக்கு ஆகும் தாமிர அளவு செம்மறிக்கு ஆகாது, உயிரே போய்விடும்.

ரெண்டு டிப்பர் மணலோ செம்மண்ணோ கலந்துட்டா தீராதுங்களா?

கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மண்ணின் எடை சுமார் 850 டன். பத்து சதவீதம் கலக்கவே 85 டன் வேண்டும். அதுவும் போதாது. கொஞ்சம் மணல் கலந்த களி காய்ந்தால் முன்னைவிடக் கெட்டி. குணம் மாற ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். வீட்டுத் தோட்டப் பாத்திக்குச் சரி, காட்டுக்கு நடக்காது.

மண் கொட்டி மேடாக்கலாம் என்பவர்கள் முதலில் பத்திரத்தைப் பாருங்கள். வருவாய் ஆவணத்தில் 'நிலம்' (இங்கே நெல்வயல் என்று பொருள்) என்று இருந்தால் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். 'புரயிடம்' (மனை, தோப்பு நிலம்) என்று இருந்தால் கதை வேறு. தமிழ்நாட்டுப் பக்கத்து உறவினர் சொல்லும் யோசனை இந்த விஷயத்தில் உதவாது.

அதே தாழ்வுல நெல் போட்டா நல்லா வருது. புல்லுக்கு மட்டும் ஏனுங்க இந்தப் பாடு?

தண்ணீர் தொடர்ந்து கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். ஏழை நோக்கி இறங்கிவிடும். இரும்பும் அப்போது கரைந்து கிடைக்கும். நெல் வேருக்குக் காற்று மேலிருந்து தண்டு வழியே போகிறது, அதனால் அழுகாது. மேய்ச்சல் புல்லுக்கு இந்த மூன்றும் அரைகுறை: நான்கு நாள் தண்ணீர், பத்து நாள் காய்ச்சல். காரம் இறங்குவதற்குள் தண்ணீர் வற்றிவிடும், வேர் அழுகுவதற்கு மட்டும் அந்த நான்கு நாள் போதும். ஆனால் நெல்லுக்குத் துத்தநாகக் குறை வரும், ஜிங்க் சல்பேட்டை மறக்க வேண்டாம்.

பி.எச். போன வருசம் 8.7, இப்ப 8.0. ஒண்ணும் போடாமயே சரியாயிருச்சுங்களா?

எந்த மாதம், எந்த ஆழம், யார் எடுத்தது என்று கேட்பேன். கோடையில் மேலே பூத்ததைச் சுரண்டி எடுத்தால் எண் ஏறும். மழைக்குப் பின் ஈரமண்ணை எடுத்தால் நெல்லில் சொன்ன காரணத்தால் இறங்கும். மாடு படுத்த இடம், மரத்தடி, வரப்பு ஓரம் எல்லாம் பொய் சொல்லும்.

ஒவ்வொரு வருடமும் அதே மாதம், மழைக்கு முன், பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி எடுத்துக் கலந்து கொடுங்கள். களர் சந்தேகம் இருந்தால் அரையடி முதல் ஓரடி வரை, ஓரடி முதல் ஈரடி வரை என்று தனித்தனிப் பையில். உரச்சாக்கில் மட்டும் போடாதீர்கள்.

இவ்வளவு பாடுபடறதுக்குப் பேசாம விட்டுட்டா என்னங்க?

பாதி நிலத்துக்கு இதுதான் சரி என்பேன். மிகத் தாழ்ந்த கால் ஏக்கரை எருமைப்புல்லுக்கும் கோரைக்கும் கொக்குக்கும் விட்டுவிடுங்கள். அதன் ஓரமாக வடிகாலை மட்டும் வருடம் ஒருமுறை, ஆடிக்கு முன்னால் தூர் எடுங்கள். வரப்பில் புங்கனும் நீர்மருதும் வரும். பனை ஏற்கனவே நிற்கும், வெட்டாமல் இருந்தால் போதும். மேட்டுப் பாதியில் மேலே சொன்னபடி வேலை செய்யுங்கள். எங்கள் காட்டில் இப்போது அப்படித்தான். கும்மாயம் இறைத்த துண்டில் மூன்று முறை தக்கைப்பூண்டு மடக்கிவிட்டேன், இந்த ஆனியில் குருத்து கொஞ்சம் பச்சையாக இருக்கிறது.